உட்கார்ந்த வேலையும் உடற்பயிற்சியும்: ஒரு நாளின் கலோரிச் செலவைக் கணிப்பது எப்படி?

காலையில் ஒரு மணி நேரம் வியர்க்க விறுவிறுக்க உடற்பயிற்சி செய்துவிட்டு, மீதிப் பகலை நாற்காலியில் கழிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள்: 'நான் உழைப்பாளியா, உட்கார்ந்திருப்பவனா?' நாளின் கலோரிச் செலவைக் கணக்கிட்டுச் சொல்லும் கணிப்பான்கள் இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொல்கின்றன. உண்மையில் இவர்கள் இரண்டுமாக இருக்கிறார்கள். அந்த இரட்டை நிலையை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது என்பதுதான் கீழே உள்ள கேள்விகளின் மையம். இங்கே கலோரி என்று எழுதப்படும் இடங்களிலெல்லாம் உணவுப் பொட்டலங்களில் அச்சிடப்படும் கிலோகலோரியே பொருள்.

ஒரு நாளின் கலோரிச் செலவில் என்னென்ன அடங்கும்?

நான்கு பங்குகள் அடங்கும். முதலாவது, அசையாமல் படுத்திருந்தாலும் உடல் செலவிடும் அடிப்படை ஆற்றல். உட்கார்ந்த வேலை பார்ப்பவருக்கு மொத்தச் செலவில் ஏறக்குறைய 60 முதல் 70 விழுக்காடு இதிலேயே போய்விடுகிறது. அதிலும் பாதிக்கு மேல் கல்லீரல், மூளை, இதயம், சிறுநீரகம் ஆகிய உறுப்புகளே எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவது, உண்டதைச் செரித்து உடலில் சேர்ப்பதற்கான செலவு. இது மொத்தத்தில் சுமார் 10 விழுக்காடு. புரதத்துக்கு அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடும், மாவுச்சத்துக்கு 5 முதல் 10 விழுக்காடும், கொழுப்புக்கு 3 விழுக்காடு வரையும் செலவாகும். மூன்றாவது, நேரம் ஒதுக்கிச் செய்யும் உடற்பயிற்சி. நான்காவது, பயிற்சி என்று நாம் கணக்கில் வைக்காத மற்ற எல்லா அசைவும்: மாடிப்படி ஏறுவது, பாத்திரம் துலக்குவது, தொலைபேசியில் பேசிக்கொண்டே உலாவுவது, நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவது வரை. ஆளுக்கு ஆள் மிக அதிகமாக மாறுபடுவது இந்த நான்காவது பங்குதான், கணிப்பான்கள் கேட்க மறப்பதும் இதைத்தான்.

அடிப்படைச் செலவை எந்தச் சூத்திரத்தால் கணக்கிடுவது?

1990-இல் 498 பேரை அளந்து உருவாக்கப்பட்ட மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இன்று பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எடையைக் கிலோவில் எடுத்து 10-ஆல் பெருக்க வேண்டும். உயரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து 6.25-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஆண் என்றால் இறுதியில் 5 கூட்ட வேண்டும், பெண் என்றால் 161 கழிக்க வேண்டும்.

35 வயது, 68 கிலோ எடை, 160 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 680-உடன் 1000 கூட்டி, 175-ஐயும் 161-ஐயும் கழித்தால் 1344 கலோரி வருகிறது. 24-ஆல் வகுத்தால் மணிக்கு 56 கலோரி. இந்த 56 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

பெரும்பாலானவர்களுக்கு இந்தச் சூத்திரத்தின் விடை, ஆய்வகத்தில் அளந்த அளவிலிருந்து 10 விழுக்காட்டுக்குள் இருக்கும். 1919-இல் வெளியான ஹாரிஸ்–பெனடிக்ட் சூத்திரமும் இன்னும் பல இடங்களில் பயன்படுகிறது. ஆனால் இக்காலத்தவருக்கு அது சற்றே கூடுதலாகக் காட்டும் போக்கு உடையது. கொழுப்பு நீங்கிய உடல் எடையை 21.6-ஆல் பெருக்கி 370 கூட்டும் சூத்திரம் ஒன்றும் உண்டு. உடற்கொழுப்பை நம்பகமாக அளந்தவர்களுக்கு அது நல்லது. வீட்டு எடைக்கருவி காட்டும் கொழுப்பு விழுக்காட்டை வைத்து அதைப் போட்டால், ஒரு பிழையின் மேல் இன்னொரு பிழையை அடுக்கியதாகவே முடியும்.

கணிப்பான் காட்டும் வகைகளில் நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

வழக்கமான பட்டியல் இது: உட்கார்ந்தே இருப்பவருக்கு 1.2, வாரம் 1 முதல் 3 நாள் லேசான பயிற்சி செய்பவருக்கு 1.375, 3 முதல் 5 நாள் நடுத்தரப் பயிற்சிக்கு 1.55, 6 அல்லது 7 நாள் கடும் பயிற்சிக்கு 1.725, அதற்கும் மேலே 1.9. அடிப்படைச் செலவை இந்த எண்ணால் பெருக்கினால் நாளின் மொத்தம் கிடைத்துவிடும் என்பது ஏற்பாடு. நம் உதாரணப் பெண்ணுக்கு 1.2 என்றால் 1613, 1.375 என்றால் 1848, 1.55 என்றால் 2083, 1.725 என்றால் 2318. ஒரே பெண், ஒரே உடல்; சொல்லைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் 705 கலோரி வித்தியாசம்.

சிக்கல் அந்தச் சொற்களிலேயே இருக்கிறது. '3 முதல் 5 நாள்' என்று கேட்பவர்கள், நாளுக்கு 20 நிமிடமா 90 நிமிடமா என்று கேட்பதில்லை; மீதி 23 மணி நேரம் எப்படிப் போகிறது என்றும் கேட்பதில்லை. வாரம் ஆறு நாள் அரை மணி நேரம் பயிற்சி செய்யும் அலுவலகப் பணியாளர் தன்னை 1.725 என்று போட்டுக்கொள்வது நான் அடிக்கடி காணும் தவறு. அவர் பொய் சொல்லவில்லை. கேள்விக்கு நேர்மையாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்.

மறுபக்கமும் ஒரு தவறு உண்டு. 'நாற்காலி வேலைதானே' என்று 1.2-ஐப் போடுபவர்கள் தங்களைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். உணவு வேளாண் அமைப்பு, உலகச் சுகாதார அமைப்பு, ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றின் கூட்டு நிபுணர் குழு, உட்கார்ந்த அல்லது இலகுவான வாழ்க்கை முறைக்கு 1.40 முதல் 1.69 வரை வரம்பு வகுத்துள்ளது. 1.2 என்பது நாள் முழுவதும் ஏறக்குறைய படுக்கையும் நாற்காலியுமாகவே இருப்பவருக்குப் பொருந்தும் எண். எழுந்து நடமாடி, வீட்டைக் கவனித்து, வேலைக்குப் போய்வரும் நலமான ஒருவருக்கு அது போதாது.

அப்படியானால் வேறு எப்படிக் கணக்கிடுவது?

நாளை மணி மணியாகப் பிரித்துப் பார்ப்பதுதான் நான் பரிந்துரைக்கும் வழி. ஒரு தாளும் கால் மணி நேரமும் இருந்தால் போதும். ஒவ்வொரு செயலுக்கும், அது அடிப்படைச் செலவைப் போல எத்தனை மடங்கு என்று ஓர் எண் தர வேண்டும். உறக்கம் 1, உட்கார்ந்து செய்யும் எல்லாமும் சுமார் 1.4, நின்றுகொண்டு செய்யும் வீட்டுவேலை சுமார் 2.5, மெதுவான நடை 3. செரிமானச் செலவு இந்த மடங்குகளில் ஏறக்குறைய அடங்கிவிடும்.

அந்தப் பெண்ணின் ஒரு நாளை எடுப்போம். ஒரு மணி நேர அடிப்படைச் செலவை ஓர் அலகு என்று கொள்வோம். உறக்கம் 8 மணி: 8 அலகு. அலுவலக மேசை, பயணத்தில் அமர்ந்திருப்பது, உண்பது, திரை பார்ப்பது எல்லாம் சேர்த்து 12 மணி: 16.8 அலகு. சமைப்பது, பெருக்குவது, துவைப்பது என்று இரண்டரை மணி: 6.25 அலகு. அங்குமிங்கும் நடப்பது அரை மணி: 1.5 அலகு. 23 மணி நேரத்துக்கு மொத்தம் 32.55 அலகு. மணிக்கு 56 கலோரி என்பதால் 1823 கலோரி.

மீதமிருக்கும் ஒரு மணி நேரத்தில் அவர் அரை மணி நேரம் எடை தூக்குகிறார், அரை மணி நேரம் மெல்லோட்டம் ஓடுகிறார் என்று வைப்போம். எடைப் பயிற்சி 3.5 மடங்கு, மெல்லோட்டம் 7 மடங்கு. அந்த ஒரு மணிக்கு 5.25 அலகு, அதாவது 294 கலோரி. பயிற்சி நாளின் மொத்தம் 2117. பயிற்சி இல்லாத நாளில் அதே ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால் 78 கலோரி. அந்த நாளின் மொத்தம் 1901. வாரம் நான்கு நாள் பயிற்சி என்றால் ஏழு நாள் சராசரி 2024 கலோரி. அடிப்படைச் செலவால் வகுத்துப் பாருங்கள்: பயிற்சி இல்லாத நாள் 1.41 மடங்கு, வாரச் சராசரி 1.51 மடங்கு. அவருக்கான பெருக்கெண் இப்போது அவருடைய நாளிலிருந்தே பிறந்திருக்கிறது.

இந்தக் கணக்கில் உடற்பயிற்சியின் பங்கு இவ்வளவு குறைவாக இருக்கிறதே?

ஆம். இந்தக் கணக்கை முதல்முறை போட்டுப் பார்ப்பவர்கள் எல்லாருக்கும் அது உறைக்கும். பயிற்சிக்கான 294 கலோரியில் 78-ஐ, அவர் சும்மா அமர்ந்திருந்தாலும் செலவழித்திருப்பார். ஆகவே பயிற்சியால் கூடுதலாகக் கிடைத்தது 216. வாரம் நான்கு நாளைக்கு 864. இப்போது அந்த இரண்டரை மணி நேர வீட்டுவேலையைப் பாருங்கள். அந்த நேரத்தை அமர்ந்து கழிப்பதோடு ஒப்பிட்டால் நாளுக்கு 154 கலோரி அதிகம். ஏழு நாளுக்கு 1078. வியர்வையோ உடற்பயிற்சி உடையோ இல்லாமல், யாரும் பயிற்சி என்று பெயரிடாத வேலை, அவருடைய ஓட்டத்தையும் எடைப் பயிற்சியையும் சேர்த்தாலும் அதை மிஞ்சி நிற்கிறது. அதே உடல்வாகும் அதே பயிற்சியும் உள்ள இன்னொருத்தியின் வீட்டில் அந்த வேலையை வேறொருவர் செய்கிறார் என்றால், அவளுடைய சராசரி 1870-க்கு இறங்கிவிடும். கணிப்பானோ இருவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் லெவினும் அவருடைய குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. 16 பேருக்கு எட்டு வாரம் அன்றாடம் 1000 கலோரி கூடுதலாக உணவளித்தார்கள். பயிற்சி சாராத அசைவினால் ஆகும் செலவு சிலருக்குத் தானாகவே உயர்ந்தது, ஒருவருக்கு நாளுக்கு 692 கலோரி வரை; இன்னொருவருக்கோ 98 கலோரி குறைந்தது. அசைவு அதிகம் கூடியவர்களுக்குக் கொழுப்பு குறைவாகவே சேர்ந்தது.

இதைச் சொல்வதால் உடற்பயிற்சியின் மதிப்பு குறைவதாக யாரும் எண்ண வேண்டாம். இதயத்துக்கும் இரத்தச் சர்க்கரைக்கும் தசைக்கும் எலும்புக்கும் உறக்கத்துக்கும் அது தரும் நன்மையைக் கலோரிக் கணக்கு காட்டாது.

ஒரு குறிப்பிட்ட பயிற்சிக்கு எத்தனை கலோரி என்று எப்படி அறிவது?

'மெட்' என்ற அலகு இதற்குப் பயன்படும். அமைதியாக அமர்ந்திருப்பது 1 மெட். அது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு சுமார் 1 கலோரி என்று கொள்ளப்படுகிறது. நூற்றுக்கணக்கான செயல்களுக்கு மெட் மதிப்புகளைத் தொகுத்த அட்டவணை 1993-இல் முதலில் வெளியாகி, பிறகு பலமுறை திருத்தப்பட்டுள்ளது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேக நடை சுமார் 3.5, மணிக்கு 8 கிலோமீட்டர் ஓட்டம் சுமார் 8.3 மெட். 68 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் அப்படி ஓடினால் 68 × 8.3 × 0.5 = 282 கலோரி. ஓட்டத்துக்கு இதைவிட எளிய கணக்கும் உண்டு: வேகம் எதுவானாலும், ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கலோரி.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, மேலே சொன்னதுபோல் இது மொத்தச் செலவு. அமர்ந்திருந்தாலும் ஆகியிருக்கும் செலவைக் கழித்த பிறகே அது 'கூடுதல்' ஆகும். வேக நடை போன்ற இலகுவான பயிற்சிகளில் இந்தக் கழிவு கால் பங்குக்கும் மேல் வரக்கூடும். இரண்டாவது, 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், ஓய்வில் இருக்கும் உடலின் உண்மைச் செலவு கிலோவுக்கு மணிக்கு 0.84 கலோரியாகவே இருந்தது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு மெட் கணக்கு மிகைப்படுத்திக் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எடைப் பயிற்சிக் கூடத்தில் செலவிட்ட நேரம் முழுவதையும் கணக்கில் சேர்க்கலாமா?

இடையிடையே எடுக்கும் ஓய்வையும் சேர்த்து 3.5 என்று போட்டால் சேர்க்கலாம். 6 என்று போட்டால், இடைவெளிகளில் அமர்ந்திருந்த நிமிடங்களைக் கழித்துவிட வேண்டும்.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் எண்ணை நம்பலாமா?

இதயத்துடிப்பு விஷயத்தில் நம்பலாம், கலோரி விஷயத்தில் அவ்வளவாக நம்ப முடியாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-இல் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். ஆறு கருவிகள் இதயத்துடிப்பை 5 விழுக்காட்டுப் பிழைக்குள் அளந்தன. கலோரியிலோ, மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமான கருவி 93 விழுக்காடு தவறியது. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கலாம் என்றாலும் அடிப்படைத் தடை அப்படியே இருக்கிறது: மணிக்கட்டின் அசைவும் நாடித்துடிப்பும் ஆற்றல் செலவுக்கு மறைமுகமான அடையாளங்கள் மட்டுமே. பதற்றத்தாலும் வெப்பத்தாலும் காபியாலும்கூடத் துடிப்பு ஏறும். ஒரே கருவியை நாள்தோறும் அணிந்து, 'இந்த வாரம் போன வாரத்தைவிட அதிகம் அசைந்தேனா?' என்று ஒப்பிட்டுப் பார்க்க அது நன்றாக உதவும்.

பயிற்சிக் கலோரியைத் தனியாகக் கூட்ட வேண்டுமா, பெருக்கெண்ணிலேயே சேர்ந்துவிடுமா?

இரண்டில் ஏதாவது ஒன்றை மட்டும் செய்ய வேண்டும். 1.55-ஐத் தேர்ந்தெடுத்தால் அதில் உங்கள் பயிற்சி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதன்மேல் வாட்ச் காட்டும் 400 கலோரியையும் கூட்டினால் ஒரே ஓட்டத்தை இருமுறை எண்ணியதாகும். பயிற்சியைத் தனியாகக் கூட்ட விரும்பினால், பயிற்சி இல்லாத நாளுக்குரிய பெருக்கெண்ணில் தொடங்க வேண்டும். உட்கார்ந்த வேலை பார்க்கும் பெரும்பாலோருக்கு அது 1.35-க்கும் 1.45-க்கும் இடையில் இருக்கும். எடை குறையவில்லையே என்று வருந்தி எழுதுபவர்களின் கணக்குகளைப் பார்க்கும்போது, நான் முதலில் தேடுவது இந்த இரட்டை எண்ணிக்கையைத்தான்.

பயிற்சி முடிந்த பிறகும் கலோரி எரிந்துகொண்டே இருக்கும் என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் அளவு சிறியது. பயிற்சிக்குப் பின் கூடுதலாக உள்ளிழுக்கும் ஆக்சிஜனைக் கணக்கிட்டால், அது பயிற்சியின் கூடுதல் செலவில் சுமார் 6 முதல் 15 விழுக்காடு. கடுமையான பயிற்சிகளுக்கே மேல் எல்லை. 216 கலோரிக்கு அது 13 முதல் 32 வரை. மற்றப் பிழைகள் இதைவிடப் பெரியவை என்பதால் நான் இதைச் சேர்ப்பதே இல்லை.

நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை உதவுமா?

கலோரிக்காக என்றால் மிகக் கொஞ்சம். நிற்பதற்கும் அமர்வதற்கும் நிமிடத்துக்கு சுமார் 0.15 கலோரிதான் வித்தியாசம். 65 கிலோ எடையுள்ளவர் ஆறு மணி நேரம் நின்றாலும் 54 கலோரி. மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடப்பது இதைவிடப் பயன் தரும்.

அதிகமாகப் பயிற்சி செய்தால் உடல் வேறெங்காவது மிச்சம் பிடிக்குமா?

ஓரளவு பிடிக்கும். மானுடவியலாளர் ஹெர்மன் பான்ட்சரும் குழுவினரும் 2012-இல் தான்சானியாவின் ஹட்ஸா மக்களை அளந்தபோது, வேட்டையாடியும் உணவு சேகரித்தும் நாள்தோறும் நெடுந்தூரம் நடக்கும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் கொண்டால், தொழில்மயமான நாடுகளில் வாழ்பவர்களின் செலவோடு ஒத்திருந்தது. 1754 பேரின் தரவுகளைக் கொண்டு 2021-இல் வெளியான மற்றொரு ஆய்வு, அசைவினால் கூடும் செலவில் சராசரியாக 28 விழுக்காட்டை உடல் அடிப்படைச் செலவில் ஈடுசெய்துகொள்கிறது என்று கண்டது. நம் உதாரணத்தில் பயிற்சியின் அன்றாடச் சராசரிக் கூடுதல் 123 கலோரி. அதில் 28 விழுக்காடு போனால் மொத்தம் 2024-இலிருந்து 1990-க்கு அருகில் வந்துவிடும். காலையில் கடுமையாக ஓடிய நாளில் மாலை முழுவதும் சாய்ந்து கிடப்பதும் இதனோடு சேரும். அதை நீங்களே கவனிக்கலாம்: பயிற்சி நாளின் காலடி எண்ணிக்கையிலிருந்து பயிற்சியில் எடுத்த அடிகளைக் கழித்து, ஓய்வு நாளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தசை கூடினால் சும்மா இருக்கும்போதும் நிறைய எரியுமா?

ஓய்வில் ஒரு கிலோ தசை நாளுக்கு சுமார் 13 கலோரியும், ஒரு கிலோ கொழுப்பு சுமார் 4.5 கலோரியும் செலவிடும். பாடுபட்டு 3 கிலோ தசை சேர்த்தால் 39 கலோரி.

வயது ஏறினால் செலவு குறைந்துவிடுமா?

2021-இல் 6400-க்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்த பன்னாட்டு ஆய்வு, உடல் அளவைச் சரிசெய்து பார்த்தால் 20 முதல் 60 வயது வரை செலவு நிலையாகவே இருப்பதாகக் கண்டது. நாற்பது வயதில் எடை கூடினால் பழியை வளர்சிதை மாற்றத்தின் மேல் போடுவதற்கு முன், தசையின் அளவையும் அன்றாட நடமாட்டத்தையும் பார்ப்பது நல்லது.

இத்தனை பிழைகள் இருந்தால், என் உண்மையான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்கள் உடலையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். நான்கு வாரங்களுக்கு இரண்டே வேலை. காலையில் எழுந்து கழிவறை சென்று வந்ததும், எதையும் உண்பதற்கு முன் எடை பார்த்து எழுதுங்கள். நாள் முழுவதும் உண்பதையும் அருந்துவதையும், வாணலியில் ஊற்றும் எண்ணெயையும் பானத்தில் போடும் சர்க்கரையையும் விடாமல் எழுதுங்கள். எண்ணெயைக் கண்ணால் மதிப்பிடாமல் தராசில் நிறுத்துவது நல்லது. தனித்தனி நாளின் எடையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். கிளைகோஜன் என்ற வடிவில் உடலில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் 3 கிராம் நீர் சேர்வதால், ஒரே இரவில் ஒரு கிலோ ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஏழு நாள் சராசரிகளை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிடாய் உள்ள பெண்கள் சுழற்சியின் ஒரே கட்டத்தில் உள்ள இரண்டு வாரங்களை ஒப்பிட வேண்டும். நான்கு வாரம் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

உடல் கொழுப்பின் ஒரு கிலோவுக்கு 7700 கலோரி என்று வைத்துக்கொள்வது வழக்கம். நம் உதாரணப் பெண் 28 நாளில் சராசரியாக நாளுக்கு 1750 கலோரி உண்டதாக எழுதியிருக்கிறார். எடைச் சராசரி 0.4 கிலோ குறைந்திருக்கிறது. 0.4-ஐ 7700-ஆல் பெருக்கினால் 3080. 28-ஆல் வகுத்தால் நாளுக்கு 110. ஆக அவருடைய செலவு 1750 + 110 = 1860 கலோரி. தாளில் போட்ட கணக்கோ 2024 என்றது. இந்த 164 கலோரி இடைவெளி எங்கிருந்து வந்தது? அவர் உண்மையிலேயே குறைவாகச் செலவிடலாம். அல்லது உண்டதில் சிலவற்றை எழுத விட்டிருக்கலாம். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில், எவ்வளவு குறைவாக உண்டும் எடை குறையவில்லை என்றவர்கள், உண்டதை 47 விழுக்காடு குறைத்தும், அசைவை 51 விழுக்காடு கூட்டியும் தெரிவித்திருந்தது புலப்பட்டது. ஆனால் நடைமுறையில் இந்தக் கேள்விக்கு விடை தேவையில்லை. அவர் இனிமேலும் இதே பழக்கத்தோடுதான் எழுதுவார் என்பதால், அந்தப் பழக்கத்தோடு சேர்ந்து பிறந்த 1860 என்ற எண்ணே அவருக்குப் பயன்படும்.

பயிற்சி நாளில் அதிகமும் ஓய்வு நாளில் குறைவும் உண்ண வேண்டுமா?

வாரச் சராசரி சரியாக இருந்தால் எப்படிப் பிரித்தாலும் எடைக்கு ஒன்றுதான். பசியும் பயிற்சியின் தரமும் சொல்வதைக் கேட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தாது?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், தைராய்டு நோய்க்கு மருந்தைத் திருத்தி அமைத்துக்கொண்டிருப்பவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஆகியோர் மருத்துவரோடு சேர்ந்தே உணவின் அளவை முடிவு செய்ய வேண்டும். உண்பது குறித்த அச்சமோ கட்டுப்பாடிழந்து உண்ணும் துன்பமோ முன்பு இருந்தவர்கள், இந்த அன்றாட எழுத்துக் கணக்கில் இறங்காமல் இருப்பதே நல்லது என்று மனமாரச் சொல்கிறேன்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்பக் கணக்கிட வேண்டும்?

எடை 4 அல்லது 5 கிலோ மாறும்போது ஒருமுறை. அன்றாட வாழ்க்கை மாறும்போது ஒருமுறை. இரண்டாவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அலுவலகம் போய்வந்தவர் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கினால், பயிற்சி அட்டவணையில் ஒரு நிமிடம்கூட மாறியிருக்காது. ஆனால் நிறுத்தத்துக்கு நடந்ததும் படிக்கட்டு ஏறியதும் உணவறைக்குப் போய்வந்ததும் காணாமல் போயிருக்கும். அந்த வாரமே ஒரு தாளை எடுத்து, புதிய நாளின் 24 மணி நேரத்தை மறுபடியும் எழுதிப் பாருங்கள்.